தோட்டத்துக் குளம்: தண்ணீர் குடிக்க வரும் உயிர்கள் பத்திரமாகத் திரும்பிப் போக வழி இருக்கிறதா?

கோடைக்காலத்தில் பல வீடுகளில் நடப்பதுதான். காலையில் செடிகளுக்குத் தண்ணீர் எடுக்கப் போனால், சிமென்ட் தொட்டியில் ஓர் அணில் செத்து மிதக்கும். சில நாள் ஓணான், சில நாள் மைனாக் குஞ்சு. 'பாவம், தண்ணி குடிக்க வந்து தவறி விழுந்துடுச்சு' என்று சொல்லி எடுத்துப் புதைத்துவிட்டு, வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். ஆனால், அணிலுக்கு நீந்தத் தெரியும். ஓணானும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். வழவழப்பான செங்குத்துச் சுவரில் கால் பிடிக்க இடமில்லாமல், சுற்றிச் சுற்றி நீந்திக் களைத்துத்தான் அவை செத்துப்போகின்றன.

மாடித்தோட்டம், வீட்டுத்தோட்டம் என்று ஆரம்பித்த ஆர்வம் இப்போது குட்டிக் குளம் வரை வந்திருக்கிறது. வாசலில் டைல்ஸ் பதித்த தொட்டி, நடுவில் நீரூற்று, நாலைந்து கலர் மீன்கள், ராத்திரியில் நீல விளக்கு. பார்க்க அழகுதான். ஆனால் ஒரு தவளைக்கோ தேனீக்கோ அது ஏற வழியில்லாத பள்ளம். அதே குளத்தைச் சில மாற்றங்களோடு அமைத்தால் தட்டான், தவளை, மீன்கொத்தி, கொண்டைக்குருவி, கீரி என ஒரு கூட்டமே வந்து போகும். வீட்டில் இருக்கும் குழந்தைகளுக்கும் ஆபத்து இருக்காது, கொசுவும் பெருகாது. எப்படி என்று பார்ப்போம்.

எங்கே தோண்டலாம்?

கொல்லைப்புறத்தில் ஒரு நாளைக்கு நாலைந்து மணி நேரம் வெயில் படும் இடம் நல்லது. காலை வெயில் பட்டு, மதியத்துக்குமேல் நிழல் விழுந்தால் இன்னும் நல்லது. நம் ஊர் சித்திரை வெயிலில் நாள் முழுக்கக் காயும் சின்னக் குளம் சூடாகிவிடும், பாசியும் படரும். புளி, வேம்பு போன்ற மரங்களின் அடியில் வேண்டாம். இலைகள் விழுந்து அழுகி, தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். செப்டிக் டேங்க், கழிவுநீர்க் குழாய், வீட்டின் அஸ்திவாரம் ஆகியவற்றிலிருந்து தள்ளியே தோண்ட வேண்டும்.

தோண்டுவதற்கு ஆவணி, புரட்டாசி மாதங்கள் தோதானவை. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது குளம் தயாராக இருந்தால், மழைத்தண்ணீரே அதை நிரப்பும். முதல் மழைக்குப் பிறகு துணை தேடிக் கத்தும் தவளைகளும் தேரைகளும் தானாகவே வந்து சேரும். 2003-ல் தமிழகத்தில் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பு அமைப்பு உங்கள் வீட்டில் இருந்தால், மாடித்தண்ணீரைக் குளத்தில் விட்டு, நிரம்பி வழிவதைச் சேகரிப்புக் குழிக்குத் திருப்பிவிடலாம். ஆனால் பருவத்தின் முதல் மழையை மட்டும் வெளியே விட்டுவிடுங்கள். அதில் மாடியின் தூசும் பறவை எச்சமும் இருக்கும்.

சரிவுதான் முக்கியம்

குளத்தில் செய்ய வேண்டிய ஒரே ஒரு காரியத்தைச் சொல்லச் சொன்னால், அது சரிவு. நம் கோயில் குளங்களில் படித்துறை வைத்துக் கட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எந்த மட்டத்தில் தண்ணீர் நின்றாலும் இறங்கவும் ஏறவும் கால் வைக்க இடம் இருக்கும். வீட்டுக் குளத்துக்கும் அதே கணக்குதான்.

ஒரு பக்கமாவது, ஒரு அடி ஆழத்துக்கு மூன்று அடி நீளம் என்ற கணக்கில் மெல்லச் சரிய வேண்டும். உதாரணமாக, 8 அடி நீளம், 6 அடி அகலம், 2 அடி ஆழத்தில் குளம் அமைப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு முனையிலிருந்து 6 அடி தூரத்துக்குச் சரிவு வரும். மறுமுனையில் 2 அடி ஆழப்பகுதியாக இருக்கும். கோடையில் தண்ணீர் வற்றும்போது நீர்வாழ் உயிர்கள் ஒதுங்குவது அந்த ஆழத்தில்தான். பக்கவாட்டில் அரை அடி ஆழத்தில் ஒரு திட்டு விட்டால், செடிகள் வைக்க உதவும்.

சரிவில் கூழாங்கல்லும் மணலும் கலந்து பரப்புங்கள். கால் விரல் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கும் அந்த ஓரம்தான் குளத்தின் பரபரப்பான இடம். மைனாவும் தவிட்டுக்குருவியும் அங்கேதான் குளிக்கும். பட்டாம்பூச்சிகள் ஈர மண்ணில் உட்கார்ந்து உப்புச்சத்தை உறிஞ்சும். தேனீக்கள் கூழாங்கல்லில் நின்று தண்ணீர் எடுத்துக்கொண்டு போகும். குளத்தைச் சுற்றிலும் டைல்ஸ் போடாமல், ஒரு பக்கமாவது புல்லும் புதரும் தண்ணீரைத் தொடுமாறு விட்டுவிடுங்கள். கரையேறும் தவளைக் குட்டிகள் மறைந்துகொள்ள இடம் வேண்டும். வெட்டவெளியில் அவை காக்கைக்கு இரையாகிவிடும்.

ஷீட் வாங்க ஒரு கணக்கு

களிமண் பூமியாக இருந்தால், அடியை நன்றாக மிதித்துக் கெட்டிப்படுத்தினாலே தண்ணீர் நிற்கும். மற்ற மண்ணில் பண்ணைக்குட்டைக்குப் போடும் ஷீட் தேவைப்படும். குளத்தின் நீளத்துடன் ஆழத்தின் இரண்டு மடங்கைக் கூட்டி, ஓரத்துக்கு 2 அடி சேர்த்தால் ஷீட்டின் நீளம் கிடைக்கும். அகலத்துக்கும் இதே முறை. மேலே சொன்ன குளத்துக்கு நீளம் 8+4+2=14 அடி; அகலம் 6+4+2=12 அடி.

குழியில் கூரான கல், வேர் இல்லாமல் எடுத்துவிட்டு, இரண்டு அங்குலம் மணல், அதன்மேல் பழைய சாக்குகள், பிறகு ஷீட். ஷீட்டுக்கு மேலேயும் மண்ணும் கூழாங்கல்லும் போட்டு மூடிவிட வேண்டும். ஈரமான பிளாஸ்டிக் பாசி பிடித்தால், அதில் எந்த உயிராலும் ஏற முடியாது.

குழாய்த் தண்ணீரில் குளோரின் கலந்திருக்கும். அதை நிரப்பினால், எந்த உயிரையும் செடியையும் விடுவதற்கு முன் இரண்டு நாள் வெயிலில் விட்டுவைக்க வேண்டும். அதன்பிறகு முழுத் தண்ணீரையும் இறைத்து மாற்றும் பழக்கமே வேண்டாம். வற்றிய அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் போதும். 'தண்ணி பச்சையா இருக்கே' என்று பிளீச்சிங் பவுடர், பினாயில், உப்பு எதையும் போடக் கூடாது. விநாயகர் சதுர்த்திக்கு வாங்கிய வர்ணம் பூசிய சிலையை இந்தக் குளத்தில் கரைப்பதும் கூடாது.

என்ன செடி வைக்கலாம்?

மூன்று வகையும் கலந்து இருக்க வேண்டும். தண்ணீருக்குள்ளேயே வளர்வதற்கு வேலம்பாசி. இலை மிதப்பதற்கு அல்லி, கொட்டிக்கிழங்கு. ஓரத்துக்குக் கோரை, வசம்பு, நீர்ப்பிரமி, வல்லாரை, பொன்னாங்கண்ணி. வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் சமையலுக்கும் ஆகும். தண்ணீர்ப் பரப்பில் பாதியளவுக்கு இலை மூடியிருந்தால் போதும். அதைவிட அதிகமானால் கிள்ளி எடுத்துவிட வேண்டும். தாமரைக்கு ஆசைப்படுபவர்கள் அதைத் தனித் தொட்டியில் வைத்துக் குளத்துக்குள் இறக்கலாம். நேரடியாக மண்ணில் நட்டால், சின்னக் குளத்தைச் சீக்கிரமே முழுதாகப் பிடித்துக்கொள்ளும்.

வேண்டவே வேண்டாத செடி, ஏரிகளை மூடிக்கிடக்கும் ஆகாயத்தாமரை. வெங்காயத்தாமரை என்றும் சொல்வார்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்த இது, ஒரு செடியிலிருந்து சில வாரங்களில் குளத்தையே மூடிவிடும். பூ அழகாக இருக்கிறது என்று வாங்கி, பிறகு பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தால், அது மழைவெள்ளத்தோடு அடுத்த ஏரிக்குப் போய்ச் சேரும்.

'கொசு வராதா?'

குளம் என்றதும் வீட்டில் பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி இது. கேட்க வேண்டிய கேள்வியும்கூட. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் தேடிப்போவது சின்னச் சின்னப் பாத்திரங்களைத்தான்: மூடாத டிரம், பழைய டயர், பூந்தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டு, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் தேங்கும் தட்டு. அங்கே அதன் புழுவைத் தின்ன யாரும் இல்லை. முட்டை, புழு, கூட்டுப்புழு, கொசு என்ற சுற்று முடிய ஒரு வாரம், பத்து நாள் போதும்.

உயிருள்ள குளத்தில் நிலைமை வேறு. தட்டானின் இளம்பருவம் முழுக்கத் தண்ணீருக்குள்தான் கழிகிறது. அந்த இளம்பூச்சிகள் கொசுப்புழுக்களை வேட்டையாடித் தின்பவை. நீர்ப்பூச்சிகளும் நீர்வண்டுகளும் அதே வேலையைச் செய்கின்றன. வளர்ந்த தட்டான், பறக்கும் கொசுவையும் பிடிக்கும். தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கோரைத் தண்டில் ஏறித்தான் தட்டான் தோலுரித்துச் சிறகு விரிக்கும். கோரையை ஒட்ட வெட்டிவிட்டால் அது வெளியே வர வழியில்லை.

தட்டான் தாழப் பறந்தால் மழை என்று கிராமத்தில் சொல்வார்கள். மழைக்காலத்தில் கூட்டமாகப் பறக்கும் மஞ்சள் நிறத் தட்டான்களில் ஒரு வகை, கடலையே கடக்கிறது. மாலத்தீவில் வசித்த உயிரியலாளர் சார்ல்ஸ் ஆண்டர்சன், இவை இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாக ஆப்பிரிக்காவின் கிழக்குப் பகுதிக்குப் பயணம் செய்கின்றன என்று 2009-ல் ஆய்வுக்கட்டுரை எழுதினார். அந்தப் பயணிகள் முட்டையிடுவது மழை தேக்கிய சின்னக் குளம் குட்டைகளில்தான்.

ஆனால் புதுக் குளத்தில் முதல் சில வாரங்கள் கவனம் தேவை. வேட்டைக்காரப் பூச்சிகள் வருவதற்கு முன்பே கொசு வந்துவிடும். வாரம் இரண்டு முறை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் ஓரத்துத் தண்ணீரை மொண்டு பாருங்கள். நெளியும் புழுக்கள் தெரிந்தால் டீ வடிகட்டியால் அள்ளி வெளியே கொட்டலாம். அதிகமாக இருந்தால், கொசுப்புழுவைக் குறிவைக்கும் பி.டி.ஐ என்ற பாக்டீரியா மருந்தைப் பயன்படுத்தலாம். கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வந்தால் குளத்தைத் தாராளமாகக் காட்டி, அதில் தவளையும் தட்டானும் வளர்வதைச் சொல்லுங்கள். புழு இருந்தால் அவர்கள் நடவடிக்கை எடுப்பார்கள். அது தெருவுக்கே நல்லது.

மீன் விடலாமா?

தவளை வேண்டுமென்றால் மீன் விடாமலிருப்பதே நல்லது. பெரும்பாலான மீன்கள் தவளை முட்டையையும் தலைப்பிரட்டையையும் தின்றுவிடும். கொசுவை ஒழிக்கும் என்று விடப்படும் கம்பூசியா மீன், உலகின் மோசமான 100 அயல் ஊடுருவல் உயிரினங்கள் பட்டியலில் இருக்கிறது. கொசுப்புழுவோடு சேர்த்துத் தட்டான் குஞ்சு, தலைப்பிரட்டை எல்லாவற்றையும் அது காலி செய்யும். கட்டாயம் மீன் வேண்டுமென்றால், நம் ஊர் வாய்க்கால்களில் நீர்மட்டத்தையொட்டி நீந்தும், உச்சந்தலையில் வெள்ளிப்புள்ளி மின்னும் சின்ன மீன்களில் நாலைந்து போதும்.

ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பை மத்திய அரசு 2000-ம் ஆண்டிலேயே தடைசெய்துவிட்டது. கடைகளில் 'டேங்க் கிளீனர்' என்று விற்கும் மீனும், சிவப்புக் காது கொண்ட வெளிநாட்டு ஆமைக்குட்டியும் வளர்ந்து பெரிதானதும் பலர் ஏரியில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். அங்கிருக்கும் நம் ஊர் மீனுக்கும் ஆமைக்கும் அவை போட்டியாகிவிடுகின்றன. நம் நட்சத்திர ஆமையைப் பிடித்து வந்து வளர்ப்பது, 1972-ம் ஆண்டின் வனஉயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தவளையையும் வேறு குளத்திலிருந்து பிடித்து வந்து விட வேண்டாம். நோயும் சேர்ந்து வரலாம். இடம் பிடித்திருந்தால் அவையே வரும்.

வீட்டில் குழந்தை இருந்தால்...

2021-ல் உலகம் முழுக்கச் சுமார் 3 லட்சம் பேர் தண்ணீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள் என்கிறது, 2024 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கை. அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தை. தவழும் குழந்தைக்கு அரை வாளித் தண்ணீரே ஆபத்து. தலைகுப்புற விழுந்த குழந்தை பெரும்பாலும் சத்தம் போடுவதில்லை.

அதனால், வீட்டில் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தை இருந்தால் குளத்தைச் சில ஆண்டுகள் தள்ளிப்போடுவதே சிறந்தது. ஏற்கெனவே குளம் இருந்தால் இரண்டு பாதுகாப்புகள் தேவை. ஒன்று, சுற்றிலும் 4 அடி உயர வேலி. குழந்தை கால் வைத்து ஏறும்படியான குறுக்குக் கம்பிகள் இருக்கக் கூடாது. கதவு தானாக மூடிக்கொள்ள வேண்டும். தாழ்ப்பாள் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். வேலிக்கு அடியில் 3 அங்குல இடைவெளி விட்டால் தவளையும் தேரையும் வந்துபோகும். குழந்தை நுழைய முடியாது. இரண்டு, நீர்மட்டத்தையொட்டி இரும்புச் சட்டத்தில் பொருத்திய வெல்டு மெஷ். இரண்டு அங்குலக் கண் உள்ளதாகவும், ஒரு குழந்தையின் எடையைத் தாங்குவதாகவும் இருக்க வேண்டும். இதெல்லாம் இருந்தாலும், குளத்தருகே குழந்தை நிற்கும்போது பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பதற்கு மாற்று இல்லை.

நீரூற்று மோட்டார் வைப்பவர்கள், அந்த மின் இணைப்பில் மின்கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி கருவி இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். மோட்டாரின் உறிஞ்சு வாயைச் சன்னமான வலையால் மூடாவிட்டால், தலைப்பிரட்டைகள் இழுபட்டுச் செத்துவிடும்.

பாம்பு வந்தால்?

தவளை இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரத்தான் செய்யும். தண்ணீரில் அதிகம் தென்படும் தண்ணீர்ப் பாம்புக்கு விஷம் இல்லை. ஆனால், நல்ல பாம்பும் தவளையைத் தேடி வரலாம். எது என்ன என்று கிட்டப் போய்ப் பார்க்கும் வேலை வேண்டாம். குளத்தை வீட்டு வாசலிலிருந்து தள்ளி அமைப்பது, நடக்கும் பாதையில் புல்லை வெட்டி வைப்பது, அருகில் விறகு, செங்கல், தேங்காய் மட்டை குவிக்காமல் இருப்பது, இரவில் டார்ச் இல்லாமல் போகாமல் இருப்பது ஆகியவை போதும். பாம்பு வீட்டுக்குள் வந்துவிட்டால் தீயணைப்புத் துறையையோ வனத்துறையையோ அழைக்கலாம். யாரையாவது கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறி ரத்தம் எடுப்பது கூடாது. கடிபட்ட கை, காலை அசைக்காமல் வைத்து, உடனே 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

பாம்புக்கும் பறவைக்கும் பயந்து குளத்தின்மேல் நைலான் வலை கட்டுபவர்கள் உண்டு. தொளதொளவென்று கிடக்கும் மெல்லிய வலையில் சாரைப்பாம்பு, ஓணான், மீன்கொத்தி எல்லாம் சிக்கி, விடுபட முடியாமல் வெயிலில் காய்ந்து சாகின்றன. மூட வேண்டுமென்றால் விறைப்பான கம்பி வலையே சரி. இரவு முழுக்க எரியும் அலங்கார விளக்கையும் அணைத்துவிடுங்கள். அது பூச்சிகளைத் திசைமாற்றும்.

கொல்லைப்புறம் இல்லாதவர்கள்...

வீட்டு மூலையில் கிடக்கும் பழைய ஆட்டுக்கல்லே போதும். குழியில் தண்ணீர் ஊற்றி, நடுவில் நீர்மட்டத்துக்குமேல் தெரியும்படி ஒரு கரடுமுரடான கல்லை வைத்தால், குருவிக்கும் தேனீக்கும் அது குளம்தான். மாடியில் என்றால், வாய் அகன்ற மண்சட்டி. ஆனால், இவ்வளவு சின்னத் தண்ணீரில் கொசுப்புழுவைத் தின்னும் பூச்சிகள் தங்காது. தினமும் தண்ணீரை மாற்றி, வாரம் ஒரு முறை உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஏடிஸ் கொசுவின் முட்டை, பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும், தண்ணீர் பட்டதும் பொரிக்கும்.

ஏற்கெனவே தொட்டி இருக்கிறதா?

புதுக் குளம் தோண்டும் எண்ணம் இல்லாதவர்களும் இதை மட்டும் செய்யலாம். ஒரு பலகையில் கயிற்றைச் சுற்றுங்கள். அல்லது குறுக்குக் குச்சிகளை ஆணியடித்துக்கொள்ளுங்கள். அதைத் தொட்டிச் சுவரை ஒட்டினாற்போல் சாய்வாக வைத்துக் கட்டுங்கள். தண்ணீரில் விழுந்த உயிர் சுவர் ஓரமாகவே சுற்றி நீந்தும் என்பதால், பலகை நடுவில் இருந்தால் அதன் கண்ணில் படாது. அடிமுனை தொட்டியின் தரை வரை போக வேண்டும். அப்போதுதான் தண்ணீர் குறைந்தாலும் பயன்படும்.

பண்ணைக்குட்டை வைத்திருக்கும் விவசாயிகளுக்கு இது இன்னும் முக்கியம். குட்டைகளில் போடும் 500 மைக்ரான் ஷீட்டின் வழுக்கலில் ஆடு, நாய், முயல் மட்டுமன்றி, நீச்சல் தெரிந்த மனிதர்களாலும் ஏற முடியாது. நாலு பக்கமும் முடிச்சுப் போட்ட தடித்த கயிறு, வரிசையாகக் கட்டிய பழைய டயர், சரிவில் விரித்த தேங்காய்நார் வலை, சுற்றிலும் வேலி ஆகியவை பெரிய செலவு பிடிக்காதவை. டயரில் தண்ணீர் தேங்காதபடி ஓட்டை போட்டுவிட மறக்க வேண்டாம்.

மாதம் ஒரு முறை பார்க்க வேண்டியவை

* சரிவும் பலகையும் இப்போதைய நீர்மட்டத்தைத் தொடுகின்றனவா?
* வெள்ளைக் கிண்ணத்தில் மொண்டால் கொசுப்புழு தெரிகிறதா?
* செடிகள் பாதிப் பரப்புக்குமேல் மூடிவிட்டனவா? பிடுங்கிய செடியை ஒரு நாள் கரையிலேயே போட்டுவைத்தால், அதில் ஒட்டியிருக்கும் பூச்சிகள் தண்ணீருக்குத் திரும்பிவிடும். பிறகு உரக்குழியில் போடலாம்.
* வேலிக் கதவு சரியாக மூடிக்கொள்கிறதா?
* பக்கத்துச் செடிகளுக்கு அடித்த பூச்சிமருந்து குளத்தில் வழிகிறதா? தவளையின் தோல் வழியாக அது நேரடியாக உடலில் கலக்கும்.

முதல் மழைக்காலம் முடிவதற்குள் குளத்துக்கு யாரெல்லாம் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். கோரை நுனியில் காற்றில் ஆடும் தட்டானின் காய்ந்த கூட்டைப் பார்க்கலாம். கறுப்பு மணி கோத்த நூல்போலத் தண்ணீருக்குள் கிடக்கும் தேரை முட்டைகளையும், சில வாரங்கள் கழித்து வால் சுருங்கிக் கரையேறும் விரல்நுனி அளவுக் குட்டிகளையும் பார்க்கலாம். லீவு நாளில் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டுங்கள். குட்டிகள் ஏறி வரும் அந்தச் சரிவில், அன்றைக்கு யாரும் செருப்புக் காலோடு நடக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.